முக்காலணாச் சாப்பாடு

புதுமண்டியில் சாப்பாட்டு விலையை நிர்ணயம் செய்ய ஒரு கமிட்டி ஏற்பட்டது. அதில் அங்கத்தினராவதற்கு ஒரே ஒரு யோக்கியதை போதும் என்று ஆரம்பத்திலேயே முடிவாயிற்று. அவர் கடையில் காசு கொடுத்துச் சாப்பிடுகிற பழக்கம் இல்லாதவராக இருக்க வேண்டும். சாப்பிடுகிறவனுக்கு விலை இறங்க வேண்டுமென்ற ஆசை. விற்கிறவனுக்கு ஏற வேண்டுமென்ற ஆசை. இரண்டும் அற்றவர்தானே நடுநிலையாகப் பேச முடியும்? அப்படிப்பட்ட பற்றற்றவர்கள் ஊரில் மூன்று பேர் அகப்பட்டார்கள். மூவர் வீட்டிலும் சமையலுக்கு ஆள் இருந்தது.

இந்தச் சமாசாரம் ஷபீ அஹமதுக்குத் தெரிந்தது, டவாலி போட்ட சேவகன் முனிரத்தினம் கடை வாசலில் வந்து நின்றபோதுதான்.

"பாய், கமிட்டி ஒன்ன கூப்டுது. கரண்டி, படி, தராசு எல்லாம் எடுத்துக்கினு வா."

"கமிட்டின்னா யாரு?"

"மூணு பேரு."

"மூணு பேருக்கு எத்தினி அரிசி போடட்டும்?" என்று அடுப்படியிலிருந்து ஷபீயின் பெண்டாட்டி ஜஹீதா குரல் கொடுத்தாள்.

"துன்றதுக்கு இல்லம்மா," என்றான் முனிரத்தினம். "வெல போடறதுக்கு."

ஷபீயின் கடை, அப்துல் வஹீத் சாஹிபின் தோல் பதனிடுகிற டானரி வாசலுக்கு நேர் எதிரே, ஆம்பூரிலிருந்து வேலூர் போகிற ரஸ்தாவின் ஓரத்தில் ஓர் ஓலைக் கொட்டகை. மத்தியானச் சங்கு ஊதியதும், சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டுகிறவர்களும் ஆவாரம்பட்டை இடிக்கிறவர்களும் ரஸ்தாவைத் தாண்டி வந்து வரிசையாக உட்காருவார்கள். வேறு எந்தக் கடையிலும் அவர்களை உட்காரவிட மாட்டார்கள். சாதி ஒரு காரணம், வாசனை இன்னொரு காரணம். சாதியை மறைத்துக்கொண்டு போனாலும் வாசனை காட்டிக் கொடுத்துவிடும். ஷபீ இரண்டையும் மோந்து பார்ப்பதில்லை. ஆளுக்குக் கால் படி, அதாவது உழக்கு அரிசிச் சோறு, பருப்புக் குழம்பான தால்சா, வியாழக்கிழமையானால் நாலு துண்டு கறி. சாப்பிட்டு எழுந்தவன் நீட்டுகிற காசை எண்ணாமல் வாங்கி மடியில் போட்டுக்கொள்வான். அவன் அப்பன் காலத்திலிருந்து அப்படி. சாப்பிட்டவன் எதிரில் காசை எண்ணினால் சாப்பிட்ட சோறு அவன் வயிற்றில் எரியும் என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையினால் அவர்கள் பணக்காரர்களாகவில்லை.

ஜெர்மன் சண்டைக்கு முன்னால் ரூபாய்க்கு எட்டுப் படி அரிசி. அப்போது சாப்பாடு ஓரணா. சண்டை முடிந்த மறு வருஷம் ரூபாய்க்கு நாலு படி. சாப்பாடு இரண்டணா. இதில் ஷபீயின் மூளை வேலை செய்யவில்லை; அரிசி இழுத்த பக்கம் அவன் போனான்.

டானரியில் நாள் கூலி ஆறணா. அதில் மத்தியானச் சோற்றுக்கே இரண்டணா போனால் வீட்டுக்கு என்ன போகும்? சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிற வேலு முப்பது பேரைச் சேர்த்துக்கொண்டு போய், கூலியில் ஓரணா ஏற்றித் தரும்படி சாஹிபைக் கேட்டான். அப்துல் வஹீத் சாஹிப் இரக்கமுள்ளவர். சண்டை நடந்த நாலு வருஷமும் சிப்பாய்களின் பூட்ஸுக்குத் தோல் அனுப்பி அனுப்பி, சமாதானம் வந்துவிட்டதே என்று வருந்திக்கொண்டிருந்தவர். வேலையாட்களின் கஷ்டத்தைக் கேட்டு அவர் மனம் உருகிற்று.

"உங்க கஷ்டம் கூலியிலே இல்லேப்பா. சாப்பாட்டிலே இருக்கு," என்றார். "ரெண்டணா நியாயமான வெலையான்னு ஒரு கமிட்டி பாக்கட்டும். நியாயம்னு சொன்னா அன்னிக்கே ஓரணா ஏத்தறேன். எழுதியே தர்றேன்."

எழுதியே தந்தார். கமிட்டியில் ஒருவராகவும் இருந்தார்.

ஷபீ கரண்டியையும் படியையும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது வேலு வந்தான். முழங்கால்வரை சுண்ணாம்பு காய்ந்து வெளுத்திருந்தது.

"பாய், நம்ம ஓரணா ஒன் வாயிலதான் கீது. பாத்துப் பேசு."

"எனக்குச் சோறு போடத்தான் தெரியும். பேச்சு எங்க தெரியும்?"

"உள்ளத சொல்லு, போதும்."

"உள்ளத சொல்றதுக்கு இன்னா பயம்?" என்றான் ஷபீ. அவனுக்குக் கமிட்டிகளோடு பழக்கமில்லை.

கமிட்டி, அதன் தலைவர் ராவ் சாஹிப் கோதண்டபாணி முதலியாரின் பங்களாக் கூடத்தில் கூடிற்று. முதலியார் நடுவில். வலது பக்கம் அப்துல் வஹீத் சாஹிப். இடது பக்கம், காரியதரிசியான காசிநாத சாஸ்திரி, கஜானாவில் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர், மைக்கூட்டோடு. ஷபீ தன் தராசோடு தரையில் நின்றான்.

"எந்த விஷயத்தையும் அனுபவத்தைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்," என்று முதலியார் ஆரம்பித்தார். "ஆயிரத்தெண்ணூற்று எண்பத்தாறாம் வருஷம் மெட்ரிகுலேஷன் பரீட்சைக்காகப் பட்டணம் போயிருந்தேன். வெளியில் சாப்பிட நேர்ந்தது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வீடிருக்கிறவன் ஓட்டலில் சாப்பிடுவானா? ஒன்றரை அணா வாங்கினான். இரண்டு கறி, அப்பளம், பாயசம், கெட்டித் தயிர். எழுந்து வந்தால் கடைக்காரன் தெருமுனைவரை கூட வந்து வழியனுப்பினான். நீ வழியனுப்புகிறாயா?"

"இல்லீங்க ஹுஸூர். சங்கு ஊதிச்சின்னா அவங்களே ஓடிப்போய்டுவாங்க."

"வழியனுப்புவதில்லை. குறித்துக்கொள்ளும்," என்றார் முதலியார். சாஸ்திரி குறித்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அடியேன் காசிக்குப் போய் வந்தவன். போக வர நாலு மாசம். சத்திரம் சத்திரமாகச் சாப்பிட்டேன். ஓரிடத்திலாவது காலணா கேட்டார்களா? அன்ன விக்கிரயம், சோற்றை விற்பது, மகா பாபம், ராவ் சாஹிப். ஆகையால் என் அனுபவத்தில் சாப்பாட்டின் விலை பூஜ்யம்."

"பூஜ்யமும் ஒரு எண்தான்," என்று முதலியார் ஒப்புக்கொண்டார்.

அப்துல் வஹீத் சாஹிப் கண்ணை மூடி யோசித்தார். "சின்ன வயசிலே மேல்விஷாரத்திலே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வழியிலே குஸ்கா வாங்கித் தின்னேன். முக்காலணா. நான் தின்னது போக மிச்சத்தை வண்டிக்காரன் தின்னான். அடடா, அந்த மாதிரி குஸ்கா இப்ப எங்கே?"

ஷபீக்கு ஒன்று கேட்கத் தோன்றியது. "அப்பல்லாம் அரிசி இன்னா வெலைங்க ஹுஸூர்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அரிசி விலை இந்தக் கமிட்டியின் எல்லைக்குள் வராது," என்றார் முதலியார். "அதற்கென்று வேறு கமிட்டி இருக்கிறது."

"அத எங்க போய்ப் பாக்கறதுங்க?"

"அது இன்னும் கூடவில்லை. அதன் தலைவர் உதகமண்டலம் போயிருக்கிறார். இங்கே வெயில் அதிகம் அல்லவா?"

சாஸ்திரி கணக்குப் போட்டார். அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. ராவ் சாஹிப் பதினெட்டு, தாம் பூஜ்யம், சாஹிப் ஒன்பது. கூட்டினால் இருபத்தேழு. மூன்று பேருக்கு வகுத்தால் ஒன்பது தம்பிடி. முக்காலணா. அது அப்துல் வஹீத் சாஹிப் சொன்ன விலையாகவே அமைந்ததைக் கண்டு எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்தது, சாஹிபைத் தவிர.

"ஹுஸூர், அரிசியே ஓரணா ஆவுதுங்க ஒரு ஆளுக்கு," என்றான் ஷபீ.

"மறுபடியும் அரிசிக்கே போகிறான் பாருங்கள்," என்று முதலியார் வருத்தத்தோடு சொன்னார்.

அடுத்த வாரம் அளவை நிர்ணயிக்கக் கூடினார்கள். ஷபீ மாதிரிச் சாப்பாடு கொண்டு வந்திருந்தான். ருசி பார்க்கவேண்டுமே, யார் பார்ப்பது? முதலியாருக்கு அந்தஸ்து குறுக்கே நின்றது, சாஸ்திரிக்கு ஆசாரம், சாஹிபுக்கு ஹகீம் சொன்ன பத்தியம். ஆகவே தொழிலாளி ஒருவனைச் சாட்சியாக அழைப்பதென்று, வேலுவைக் குழியிலிருந்து கூட்டி வந்தார்கள்.

"காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று முதலியார் தூரத்திலிருந்தே கேட்டார்.

"நீராகாரங்க சாமி."

"இப்போது பசிக்கிறதா?"

"பசிக்குதுங்க."

"அப்படியானால் உன் சாட்சி செல்லாது. பசிக்கிறவன் எவ்வளவு போட்டாலும் போதாது என்பான். அவனுக்கு இந்த விஷயத்தில் சொந்த லாபம் இருக்கிறது. முதலில் இவன் பசியைத் தீர்த்துவிட்டுப் பிறகு விசாரிக்க வேண்டும்."

வேலுவைக் கொல்லைப்புறத்தில் மாட்டுக் கொட்டகை ஓரமாக உட்கார வைத்தார்கள். ஷபீ தன் கடையிலிருந்தே இரண்டு ஆள் சோறு கொண்டு வந்து போட்டான். வேலு சாப்பிட்டுக்கொண்டே ரகசியமாகச் சொன்னான்: "நாமதான் தப்பா நெனச்சிட்டோம் பாய். தங்கமானவங்க. மொதல்ல துன்னு, அப்பால பேசுன்றாங்களே!"

அவன் கை கழுவியதும் விசாரணை தொடங்கிற்று. மாதிரி இலையை முன்னால் வைத்து, "சாப்பிடு," என்றார்கள். வேலு மரியாதைக்காக ஒரு கவளம் எடுத்தான். இன்னொன்று எடுத்தான். மூன்றாவது கவளம் தொண்டையிலேயே நின்றது.

"போதுங்க சாமி."

சாஸ்திரி எழுதியதை வாசித்தார். "சாட்சி, வயது முப்பத்திரண்டு, கடின உழைப்பாளி. மூன்று கவளத்தில் போதும் என்று எவருடைய தூண்டுதலும் இன்றிச் சொன்னான்."

அதன் மேல் உழக்குச் சோறு அனாவசியம், ஆழாக்கே தாராளம் என்று தீர்மானமாயிற்று. "பாதி அரிசி உனக்கு மிச்சம். உனக்காக எவ்வளவு செய்திருக்கிறோம் பார்," என்றார் முதலியார்.

"குழியில நின்னவனுக்கு ஆழாக்கு எப்டிங்க பத்தும்?"

"நீ உன் கட்சியா, அவன் கட்சியா? முதலில் அதைத் தீர்மானித்துக்கொண்டு வா."

கடை வாசலில் தகரப் பலகை ஏறிற்று: 'சாப்பாடு முக்காலணா. கமிட்டி உத்தரவு.' அதிகமாக வாங்கினால் அபராதம். உழைக்கிறவன் தானாக அதிகம் கொடுத்தாலும் அபராதம். இதைக் கண்காணிக்க முனிரத்தினம் பலகைக்குக் கீழே நிறுத்தப்பட்டான். தரத்தை இடைவிடாமல் மேற்பார்வை செய்வதற்காக ஒவ்வொரு வியாழக்கிழமையும் மூன்று தூக்குப் பாத்திரம் நிறையக் கறி, அங்கத்தினர்களின் வீட்டுக் கொல்லைப்பக்கமாகப் போயிற்று. ஆசார வீட்டுப் பாத்திரம்கூடக் கழுவவேண்டிய அவசியமில்லாமல் திரும்பி வந்தது. மேற்பார்வை அவ்வளவு நுட்பமாக நடந்தது.

ஷபீ ஆழாக்குதான் போட்டிருக்க வேண்டும். ஆழாக்குச் சோற்றை இலையில் தட்டிவிட்டு எதிரில் நிற்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. உழக்கே போட்டான். ஏழு வாரம் தாங்கிற்று. எட்டாவது வாரம் அரிசிக் கடைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜஹீதா கடைசி நாள் அடுப்பை அணைக்காமல் தானாக அணையும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த மூணு பேரும் ஒரு நாளாவது இங்க வந்து ஒக்காந்து தின்னிருந்தா..." என்றாள்.

"வியாழக்கெழம வியாழக்கெழம தின்னாங்களே," என்றான் ஷபீ.

"ஒக்காந்து தின்னலியே."

கடை மூடியதில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் வேலு. அவன் முனிரத்தினத்தைப் பிடித்து, தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு வைத்திருந்தான். எதையும் முழுமையாகச் செய்யவேண்டும் என்ற கஜானாப் பழக்கத்தினால் சாஸ்திரி ஒரு ஷரத்துச் சேர்த்திருந்தார். கடை எந்தக் காரணத்தால் மூடப்பட்டாலும், அன்றிலிருந்து முப்பது நாளுக்குள் ஊரில் ஒரு சாப்பாடாவது முக்காலணாவுக்கு விற்றால் அந்த விலை சாத்தியமானது. ஒன்றுகூட விற்காவிட்டால் சாத்தியமற்றது, இரண்டணாவே நியாயம்.

"முப்பது நாள் பாய். ஒன்னும் வேணாம். நீ கடைய தெறக்காம இரு, நாங்க துன்னாம இருக்கறோம். ஓரணா தானா வரும்."

துன்னாம இருக்கறோம் என்று அவன் சொன்னது பேச்சுக்கு அல்ல. மற்றவர்கள் வீட்டிலிருந்து பழைய களியோ கூழோ கொண்டு வந்தார்கள். வேலு தன் பங்கைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு வெறும் கையோடு வந்தான். மத்தியானச் சங்குக்குப் பிறகு டானரிச் சுவரோரம் போய்ப் படுத்துக்கொள்வான். கேட்டால், "வவுறு சரியில்ல," என்பான். அது பொய்யில்லை.

இருபத்தேழாம் நாள் மத்தியானம், அவனை நாலு பேர் குழியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோலைப் புரட்டும்போதே மயங்கி விழுந்திருந்தான். நல்ல வேளையாக மேலே நின்றவன் தலைமயிரைப் பிடித்துவிட்டான்; இல்லாவிட்டால் சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணில் போயிருக்கும். நிழல் இருந்த ஒரே இடம் ஷபீயின் மூடிய கடை வாசல். அங்கே கிடத்திவிட்டுச் சங்குக்குப் பயந்து ஓடிவிட்டார்கள்.

கொட்டகையின் பின்பாதியில் குடியிருந்த ஷபீயும் ஜஹீதாவும் வெளியே வந்தார்கள். ஜஹீதா தண்ணீர் தெளித்தாள். வேலு கண்ணைத் திறந்ததும் உள்ளே போய், தங்கள் இருவருக்கும் வடித்து வைத்திருந்த சோற்றை அப்படியே ஒரு தட்டில் கொட்டி, மேலே தால்சா ஊற்றிக் கொண்டு வந்தாள்.

"வேணாம்மா."

"துன்னுய்யா. பேசாத."

அவன் சாப்பிட்டான். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டான். தண்ணீர் குடித்தான். எழுந்து உட்கார்ந்து இடுப்பு வேட்டியின் முடிச்சை அவிழ்த்தான். அதில் ஓர் அரையணாவும் ஒரு காலணாவும் இருந்தன.

"இத வாங்கிக்க பாய்."

"இன்னா வேலு, பைத்தியமா ஒனக்கு? நம்ம ஊட்டுச் சோறு இது."

"ஓசில துன்னா எனக்கு உள்ள எறங்காது பாய். வாங்கிக்க." காசை நீட்டினான். "ரெண்டணா இல்ல. கீறது இதான்."

ஷபீயின் கை நீண்டது. அது இருபத்தைந்து வருஷப் பழக்கம். சாப்பிட்டு எழுந்தவன் காசை நீட்டினால் அந்தக் கை நீளும், மூடும், எண்ணாமல் மடிக்குப் போகும். நடுவில் ஷபீயை எதுவும் கேட்காது. காசு மடியில் விழுந்த பிறகுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். தகரப் பலகைக்குக் கீழே, மத்தியானக் காவலுக்கு வந்த முனிரத்தினம் நின்றுகொண்டிருந்தான்.

முனிரத்தினம் டவாலியைச் சரிசெய்துகொண்டான்.

"நா ஒன்னும் பாக்கல பாய்," என்றான் முனிரத்தினம். பத்தடி நடந்தான். நின்றான். மாசம் எட்டு ரூபாய்ச் சம்பளம், மூன்று பெண் பிள்ளைகள். திரும்பாமலே, "பாக்கலேன்னு சொன்னா, எதுக்குடா ஒனக்கு டவாலின்னு கேப்பாங்களே," என்றான். பிறகு பங்களா இருக்கிற பக்கமாகப் போனான்.

முப்பதாம் நாள், முடிவுக் கூட்டத்தைப் பொதுஜனங்கள் அறிய நடத்துவதென்று பந்தல் போட்டார்கள். டானரி ஆட்கள் அத்தனை பேருக்கும் ஒரு மணி நேரம் லீவு, கூலி பிடித்தத்துடன். மேஜை மேல் இரண்டு ரோஜா மாலைகள். ஒன்று, நிர்ணய விலைக்கு விற்ற உத்தமமான கடைக்காரனுக்கு. ஒன்று, வாங்கிச் சாப்பிட்ட விவேகமுள்ள தொழிலாளிக்கு.

முதலியார் பேசினார். "முக்காலணாவுக்குச் சாப்பாடு போட முடியாது என்றார்கள். அரிசி, அரிசி என்றார்கள். நாங்கள் அரிசியைப் பார்க்கவில்லை, மனிதர்களைப் பார்த்தோம். முப்பது நாளுக்கு மூன்று நாள் மிச்சமிருக்கும்போது ஒருவன் மனமுவந்து விற்றான், ஒருவன் மனமுவந்து வாங்கினான். சாப்பாடு மலிவான ஊரில் கூலி உயர்வைப் பற்றிய பேச்சு எப்படி எழும்?"

ஷபீ கும்பலிலிருந்து முன்னால் வந்தான். "ஹுஸூர், அது வியாபாரம் இல்லீங்க."

"சாப்பாடு கொடுத்தாயா?"

"குடுத்தேங்க."

"காசு வாங்கினாயா?"

"வாங்கினேங்க."

"உலகத்தில் இதற்கு வேறு என்ன பெயர்? சொல், எழுதிக்கொள்கிறோம்."

ஷபீக்குப் பெயர் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. கடை மூடின கடை, சோறு வீட்டுச் சோறு, கிடந்தவனுக்கு இரக்கப்பட்டுப் போட்டது. தருமம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஓரணா வந்துவிடும், டானரி ஆட்கள் இருநூறு பேருக்கும். அவன் திரும்பி வேலுவைப் பார்த்தான். சாப்பிட்டு முடித்ததும் முதல் காரியமாக முடிச்சை அவிழ்த்தவனை, ஊர் கூடின இடத்தில் பிச்சைச் சோறு தின்றவன் என்று எப்படிச் சொல்வது?

வேலு எழுந்து நின்றான்.

"அது பிச்சைங்க சாமி."

சாஸ்திரி பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார்.

"நா பசிலே உழுந்து கெடந்தேன். பாய் பிச்ச போட்டாரு. வாங்கித் துன்னேன். காசு நா குடுக்கல. அந்தக் காசு... அது வேற காசுங்க." அவன் இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டிருந்தான். "பிச்ச துன்னவன் நா. வெல ஒன்னும் இல்ல அதுல. எழுதிக்கங்க."

கமிட்டி தலையைச் சேர்த்துக்கொண்டு மெதுவாகப் பேசிற்று. சாஸ்திரியின் பேனா ஓடிற்று. முதலியார் எழுந்தார்.

"சாட்சியின் வாக்குமூலத்தைக் கமிட்டி முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறது. அதாவது, இந்த ஊரில் ஒரு தொழிலாளிக்குச் சாப்பாடு இலவசமாகவே கிடைத்திருக்கிறது. இது கமிட்டிக்கு இதுவரை தெரியாமலிருந்தது. ஆகவே முன் சொன்ன மூன்று அனுபவங்களோடு இந்த அனுபவத்தையும் நாலாவதாகச் சேர்த்து..."

"பூஜ்யம்," என்று சாஸ்திரி எடுத்துக் கொடுத்தார். "இருபத்தேழை நாலால் வகுத்தால் ஆறே முக்கால் தம்பிடி. பின்னத்தைத் தள்ளினால் ஆறு. அரையணா."

"சாப்பாடு அரையணா," என்றார் முதலியார். "மேலும் குறைய இடமுண்டு."

பிறகு அப்துல் வஹீத் சாஹிப் எழுந்தார். அவர் முகத்தில் உண்மையாகவே துக்கம் இருந்தது. தம்மிடம் வேலை செய்கிறவன் பிச்சை எடுக்கிறான் என்பது ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தெரிந்தால் டானரியின் கௌரவம் என்னாகும் என்று கேட்டார். தமக்குக் கோபம் ஒன்றுமில்லை. வேலு நாளையிலிருந்து குழிக்கு வரவேண்டியதில்லை, அவ்வளவுதான்.

வாங்கிய மாலைகளை வாடவிடக்கூடாது என்பதற்காக முதலியாருக்கு ஒன்றும் சாஹிபுக்கு ஒன்றும் போட்டார்கள். சாஸ்திரி கைதட்டினார். சங்கு ஊதிற்று. ஆட்கள் வேலுவின் முகத்தைப் பார்க்காமல் ஒருவர் பின் ஒருவராக டானரிக்குள் போனார்கள். அவர்களில் ஓரிருவர் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

பந்தலுக்கு வெளியே முனிரத்தினம் தமுக்கை மாட்டிக்கொண்டிருந்தான். தீர்மானத்தைத் தெருத் தெருவாகச் சொல்லிவிட்டு வரவேண்டும் என்று உத்தரவு.

"பாய்," என்றான் வேலு.

"இன்னா வேலு."

"நா உள்ள சொன்னது பொய்யி."

"தெரியும்."

"நா காசு குடுத்துத்தான் துன்னேன்."

"குடுத்தே. நான் வாங்கினேன்."

"எங்கூட ஊட்டுக்கு வர்றியா? தமுக்கு அங்க போறதுக்குள்ள நீ எம் பொண்டாட்டி ராஜம்மா கிட்ட அத சொல்லிடணும். நா சொன்னா, வெக்கத்துக்குப் பொய் சொல்றான்னு நெனப்பா."

இருவரும் நடந்தார்கள். தமுக்கு முதலில் கடைத்தெருப் பக்கம் போனது. அதனால் அவர்கள் பாலாற்று மணலில் இறங்கிக் குறுக்கே போனார்கள். வெயிலில் மணல் காலைச் சுட்டது. ஷபீ வேகமாக நடந்து பழக்கமில்லாதவன். வேலுவுக்குப் பின்னால் ஏறக்குறைய ஓடினான். சேரியின் முதல் குடிசையை அவர்கள் எட்டும்போது தமுக்கு இன்னும் ஒரு தெரு தள்ளித்தான் அடித்துக்கொண்டிருந்தது.

ராஜம்மாள் வாசலில் புளியங்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். வேலை நேரத்தில் புருஷன் வருவதையும், கூட ஒரு சாஹிபு மூச்சிரைக்க நிற்பதையும் பார்த்து எழுந்தாள்.

"அம்மா," என்றான் ஷபீ. "யாரு இன்னா சொன்னாலும் நம்பாதே. வேலு எங்க ஊட்டுல ஒரு நாள் துன்னான். காசு குடுத்துத்தான் துன்னான். முக்காலணா. நான் என் கையால வாங்கினேன்."

அவள் ஷபீயைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

"முக்காலணாவா?" என்றாள். "அன்னிக்கு உப்பும் மொளகாவும் வாங்கியாரச் சொல்லி நா முடிச்சுல கட்டுனேனே, அதுவா? குழில உழுந்துட்டுச்சின்னு சொன்னியே."

வேலு தலையைக் குனிந்துகொண்டான். தமுக்குச் சத்தம் அந்தத் தெருவுக்குள் திரும்பியது.

"மூணு நாளா உப்பில்லாத களிய கிண்டிப் போட்டு, காசத் தொலச்சிட்டியேன்னு ஒன்ன எவ்ளோ பேசிட்டேன்," என்றாள் ராஜம்மாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "துன்னியா? நீ துன்னியே, அது போதும்யா."